யாருக்கும் தாய்மொழியல்லாத ஆங்கிலம்: 'தியேட்டர் ஆஃப் டிராஜெடி'யின் முதல் இசைத்தொகுப்பு, நிறையும் குறையும்

நார்வேயின் தென்மேற்குக் கரையிலுள்ள ஸ்டாவங்கர் நகரில் 1993ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இசைக்குழு 'தியேட்டர் ஆஃப் டிராஜெடி'. குழுவின் பெயரையே தலைப்பாகத் தாங்கிய அதன் முதல் இசைத்தொகுப்பு, 1995இல் ஜெர்மனியின் மாசக்கர் ரெக்கார்ட்ஸ் வெளியீடாக வந்தது. ஒன்பது பாடல்கள், மெல்ல நகரும் கனத்த கிட்டார்கள், அவற்றின் மேல் மிதக்கும் பியானோ, ஓர் ஆணின் உறுமல் குரல், ஒரு பெண்ணின் மென்குரல். கோதிக் மெட்டல் என்னும் இசைவகையின் தொடக்ககாலப் பதிவுகளைப் பட்டியலிடுவோர் இத்தொகுப்பைத் தவறவிடுவதில்லை. ஆயினும் இதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அந்த இரு குரல்களின் முரணோடு முடிந்துவிடுகிறது. அக்குரல்கள் எந்த மொழியில் பேசுகின்றன என்பது அதைவிட ஆழமான கேள்வி. நார்வேயில் வளர்ந்த இளைஞர்கள் 1990களில், ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் பாடல் புனைந்தார்கள். இத்தொகுப்பின் வலிமையும் தளர்ச்சியும் இந்த ஒரு முடிவிலிருந்தே கிளைக்கின்றன.

முதலில் இசைப் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கனத்த மெட்டல் இசைக்குள் பெண்குரல் நுழைந்தது இக்குழுவால் அன்று. சுவிட்சர்லாந்தின் செல்டிக் ஃபிராஸ்ட் குழு 1987இல் வெளியிட்ட 'இன்டு தி பாண்டிமோனியம்' தொகுப்பிலேயே அது ஒலித்தது. இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் நகரைச் சேர்ந்த பாரடைஸ் லாஸ்ட் குழு 1991இல் 'கோதிக்' என்ற தொகுப்பை வெளியிட்டது. இசைவகைக்கே பெயர் தந்ததாகக் கருதப்படும் அத்தொகுப்பில் பெண்குரல் சில இடங்களில் மட்டும் வந்துபோகும் அணியாக இருந்தது. நார்வேயின் தி தேர்ட் அண்ட் தி மார்ட்டல் குழு 1994இல் பெண்குரலையே தலைமைக் குரலாக்கியது. அங்கே எதிர்நிற்கும் உறுமல் இல்லை. தியேட்டர் ஆஃப் டிராஜெடி செய்தது இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஒன்று. ரேமண்ட் ரோஹோன்யியின் உறுமலையும் லிவ் கிரிஸ்டீனின் மென்குரலையும் இரு பாத்திரங்களாக்கி, பாடலை உரையாடலாக அமைத்தது. குழுவின் பெயரில் உள்ள நாடகம் இவ்வாறு பாடலின் அமைப்பிற்குள்ளேயே இடம்பெற்றது. தொல்காப்பியம் பேசும் 'நாடக வழக்கு' என்ற தொடர் தமிழ் வாசகருக்கு இங்கே நினைவுக்கு வரக்கூடும்: அன்றாட உலகில் அப்படியே நிகழாததும், புனைவுலகில் முறையாக நிலைபெற்றதுமான ஒரு பேச்சு.

அந்த நாடக வழக்கிற்கு ரோஹோன்யி தேர்ந்தது ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலம். இன்றைய பொது ஆங்கிலம் முன்னிலையில் 'யூ' என்ற ஒரே சொல்லால் ஒருவரையும் பலரையும், நெருங்கியவரையும் மதிப்பிற்குரியவரையும் அழைக்கிறது. பழைய ஆங்கிலத்தில் 'தௌ' என்ற ஒருமைச் சொல் தனியே இருந்தது. தமிழின் 'நீ'க்கு அது நெருங்கியது. பதினேழாம் நூற்றாண்டின் போக்கில் அது பொதுவழக்கிலிருந்து பின்வாங்கி, வட்டார வழக்குகளிலும் வழிபாட்டிலும் கவிதையிலும் தங்கியது. நார்வே மொழியிலோ அதன் இனச்சொல்லான 'டூ' இன்றும் அன்றாடச் சொல். ஆங்கிலேயர் ஒருவர் 'தௌ' என்று எழுத அருங்காட்சியகத்திற்குள் நுழைய வேண்டும். நார்வேக்காரர் தம் வீட்டுச் சொல்லின் ஓர் எழுத்தை மாற்றி ஒலித்தால் போதும்.

ஒற்றுமை சொல்லோடு நிற்கவில்லை. தொகுப்பின் ஆறாவது பாடலின் தலைப்பு 'ஸ்வீட் ஆர்ட் தௌ'. 'இனியை நீ' என்று பழந்தமிழ் நடையில் பெயர்க்கத்தக்க தொடர். இதில் பண்புச்சொல் முதலிலும் வினை இரண்டாவதாகவும் எழுவாய் அதன் பின்னும் நிற்கின்றன. முற்றுத்தொடரில் எதை முன்னிறுத்தினாலும் வினை இரண்டாம் இடத்தில் நிற்க வேண்டும் என்பது நார்வே மொழியின் இன்றைய விதி. ஆங்கிலத்திலும் முன்பு பரவலாக இருந்த இவ்வமைப்பு பதினாறாம் நூற்றாண்டளவில் தேய்ந்து, சில சூழல்களில் மட்டும் எஞ்சியது. எனவே ஆங்கிலக் காதுக்குப் பழமையின் மணம் வீசும் அத்தலைப்பு, நார்வேக்காரருக்கு மிக இயல்பான சொல்வரிசை. தொன்மை என்று கேட்போர் உணர்வதில் ஒரு பகுதி, எழுதியவரின் தாய்மொழித் தொடரியல். எல்லாவற்றையும் இவ்வாறு விளக்கிவிட இயலாது என்பதையும் உடனே சொல்ல வேண்டும். ஐந்தாவது பாடலின் தலைப்பான 'அ டிஸ்டன்ஸ் தேர் இஸ்' அந்த விதிக்கு உட்படவில்லை. அதில் வினை இறுதிக்குச் சென்றுவிடுகிறது. அது ஆங்கிலக் கவிதை மரபின் தலைகீழாக்கத்தைக் கற்றுப் பின்பற்றியது. ஆக, ரோஹோன்யியின் மொழியில் இரண்டு ஊற்றுகள் கலந்துள்ளன: ஏட்டில் கற்ற ஆங்கிலமும், வீட்டில் பேசிய நார்வே மொழியும்.

இரண்டும் உரசும் இடத்தில் விளைவது பிழையா, புதுமையா என்ற கேள்வி எழுகிறது. மூன்றாவது பாடலின் தலைப்பு அதற்கு மிகச் சிறந்த சான்று: 'டு தீஸ் வேர்ட்ஸ் ஐ பிஹெல்ட் நோ டங்'. ஆங்கிலத்தில் 'பிஹோல்ட்' என்றால் காணுதல், நோக்குதல். அப்பொருளில் படித்தால் 'இச்சொற்களுக்கு நாவொன்றை நான் கண்டிலேன்' என்று ஆகும். புரிகிறது, ஆனால் சற்றே இடறுகிறது. நார்வே மொழியில் அதன் இனச்சொல்லான 'பெஹோல்டெ'வுக்கு 'வைத்திருத்தல், இழக்காமல் பேணுதல்' என்று பொருள். அவ்வாறு படித்தால் 'இச்சொற்களைச் சொல்ல என்னிடம் நா எஞ்சவில்லை' என்ற நேரான, வலிமிகுந்த பொருள் கிடைக்கிறது. எழுதியவர் எதை எண்ணினார் என்பதைத் தலைப்பிலிருந்து மட்டும் தீர்மானிக்க முடியாது. ஆனால் பண்டைய ஆங்கிலத்தில், ஷேக்ஸ்பியருக்குப் பல நூற்றாண்டுகள் முன்னர், அவ்வினைக்கும் 'பற்றியிருத்தல், வைத்திருத்தல்' என்ற பொருள் இருந்தது. தேர்வுத்தாளில் சிவப்பு மை பெறக்கூடிய ஒரு சொல், இரண்டு மொழிகளும் பிரியும் முன் கொண்டிருந்த பொருளை ஒரு கணம் மீட்டுத் தருகிறது.

மொழி மதிப்பீட்டில் பொதுவாக நிகழும் ஓர் அநீதியை இச்சான்று வெளிச்சமிடுகிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் பழைய நடையை வளைத்தால் அது கவிஞரின் உரிமை எனப்படுகிறது. அயலார் வளைத்தால் அறியாமை எனப்படுகிறது. ஆனால் 1600ஆம் ஆண்டின் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் இன்று உலகில் எவரும் இலர். லண்டனில் பிறந்தவரும் ஸ்டாவங்கரில் பிறந்தவரும் அதை நூல்களிலிருந்தே கற்கிறார்கள். பேசுவோர் அற்ற வழக்கில், 'எங்கள் காதுக்கு இது சரியில்லை' என்று தீர்ப்பளிக்கத் தகுதி பெற்ற காது எதுவும் இல்லை. சான்று நூல்கள் மட்டுமே உள்ளன. அயல்மொழியில் ஆய்வேடு எழுதி, ஒவ்வொரு முன்னிடைச்சொல்லுக்கும் தயங்கி நிற்கும் இந்திய மாணவர் எவரும் இந்த நியாயத்தின் மதிப்பை எளிதில் உணர்வார்.

இத்தனை சொன்ன பிறகு குறைகளை மறைப்பது நேர்மையாகாது. சான்று நூல்களைக் கொண்டு அளந்தாலும் இத்தொகுப்பின் மொழியில் தளர்ச்சிகள் உண்டு. முதலாவது, அதன் பழமை எந்த ஒரு காலத்தையும் சார்ந்ததன்று. முதற்பாடலான 'அ ஹாம்லெட் ஃபார் அ ஸ்லாத்ஃபுல் வாசல்' இடைக்கால நிலமானிய முறையின் குடியாளைப் பேசுகிறது. தலைப்பின் முதற்சொல் சிற்றூரையும் குறிக்கும், ஷேக்ஸ்பியரின் டென்மார்க் இளவரசனையும் நினைவூட்டும். அந்தச் சிலேடை சுவையானது. ஆனால் காலங்களின் இக்கலவை தொகுப்பு முழுதும் தொடரும்போது, ஓர் உலகம் உருவாவதற்கு மாறாக 'பழையது' என்ற பொதுவான மங்கல் மட்டும் பரவுகிறது. இரண்டாவது, எழுத்து அலங்காரம். 'மயர்', 'மோனோடோன்' என்ற இரு தலைப்புகளிலும் உயிரெழுத்தின் மேல் இரட்டைப் புள்ளிகள் இடப்பட்டுள்ளன. ஆங்கில மரபில் அப்புள்ளிகள் உயிரைப் பிரித்தொலிக்கச் சொல்லும் குறி. இங்கே அவை ஒலிக்கு எதையும் சொல்வதில்லை. மோட்டார்ஹெட் முதலிய குழுக்கள் பரப்பிய பெயர் அலங்காரத்தின் தொடர்ச்சி அது. வரலாற்று மொழியின் மீது இவ்வளவு உழைத்தவர்களுக்கு அந்த மலிவான அணி தேவையில்லை.

மூன்றாவது குறையே பெரிது. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் 'தௌ'வும் 'யூ'வும் இடம் மாறுவது நாடகத்தின் உயிர்நாடி. ஒரு பாத்திரம் மரியாதைச் சொல்லிலிருந்து ஒருமைக்கு இறங்கும் கணத்தில் கோபமோ காதலோ இகழ்ச்சியோ வெளிப்பட்டுவிடும். இருவர் உரையாடும் பாடல்களில் இக்கருவிக்கு எத்துணை வாய்ப்பு! இத்தொகுப்பிலோ அந்த அசைவு அரிது; அனைவரும் எப்போதும் ஒரே உயரத்தில் நின்று ஒரே வீறோடு பேசுகிறார்கள். பழைய மொழியின் ஆடை கிடைத்திருக்கிறது. அதன் சமூக இயக்கம் கிடைக்கவில்லை.

இனி குரல்களுக்கு வரலாம். உறுமல் குரலில், இயல்பான குரல்நாண்களோடு அவற்றுக்கு மேலுள்ள போலிக் குரல்நாண்களும் சூழ்ந்த தசைகளும் சேர்ந்து அதிர்கின்றன. ஒலியில் இரைச்சல் மிகுகிறது. சுருதியின் தெளிவு குன்றுகிறது. உயிரொலிகள் ஒன்றையொன்று நெருங்குகின்றன. மென்மையான உரசொலிகள் அந்த இரைச்சலிலும் கிட்டாரின் சிதைந்த ஒலியிலும் கரைந்துபோகின்றன. பழைய ஆங்கில வினையின் அடையாளங்கள் எவை? முன்னிலை ஒருமைக்கு வரும் 'எஸ்ட்', படர்க்கை ஒருமைக்கு வரும் 'எத்' ஆகிய விகுதிகள். இரண்டின் தனித்தன்மையும் சொல்லின் ஈற்றில் உள்ள மெய்யொலிகளில் தங்கியுள்ளது. எழுதுவோர் மிக முயன்று சேர்த்த தொன்மை, பாடுவோரின் உத்தியால் முதலில் அழிகிறது. ரோஹோன்யியின் வரிகளைப் பின்தொடர, குறுந்தகட்டோடு வந்த சிற்றேட்டைக் கையில் விரித்து வைத்திருக்க வேண்டும். அவருடைய பாத்திரம் பேசுவதைக் கேட்க முடியாது; படிக்க மட்டுமே முடியும்.

இதை வெறும் குறையென்று ஒதுக்கவும் முடியவில்லை. பேச முயன்றும் பேச்சாகாத குரலும், தெளிவாகப் பேசும் குரலும் எதிரெதிர் நிற்கும்போது, கேட்பவர் உரையாடலின் ஒரு பாதியை மட்டுமே அறிகிறார். மற்றப் பாதியைப் பெண்ணின் மறுமொழியிலிருந்து ஊகிக்கிறார். நாவிழந்த சொற்களைப் பற்றிய தலைப்பு இந்த அமைப்போடு பொருந்துவது தற்செயலாக இருக்கலாம், ஆயினும் பொருந்துகிறது.

லிவ் கிரிஸ்டீனின் குரல் அந்தப் பொருத்தத்தின் மறுபக்கம். பின்னாளில் இவ்விசைவகையில் செல்வாக்குப் பெற்ற ஓபரா முறைப் பாடல் அவருடையதன்று. மூச்சுக் கலந்த, அதிர்வு குறைந்த, ஏறத்தாழப் பேச்சை ஒட்டிய குரல். மிக உயர்ந்த சுருதியில் பாடும் குரல்களில் உயிரொலிகளின் வேறுபாடு மங்கும். அவர் பெரும்பாலும் அவ்வுயரத்தைத் தவிர்ப்பதால் சொற்கள் நிற்கின்றன, விகுதிகளும் நிற்கின்றன. இத்தொகுப்பில் பழைய ஆங்கிலம் உண்மையில் உயிரோடு கேட்பது அவர் வாயில்தான். அதன் உச்சம் 'அ டிஸ்டன்ஸ் தேர் இஸ்'. அங்கே உறுமல் இல்லை. அவர் குரல் தனித்து நிற்கிறது. பிரிவைப் பற்றிய அந்நெடும் பாடலில், எதிர்க்குரல் இல்லாத வெறுமையே பிரிந்தவரின் இருப்பாக ஆகிறது. உரையாடலுக்காகப் புகழப்படும் தொகுப்பின் மிகச் சிறந்த பாடல், உரையாடல் நின்றுவிட்ட பாடல்.

இங்கே ஒரு சங்கடமும் உண்டு. அவர் பாடும் துயரத்தின் சொற்களைப் பெரும்பாலும் எழுதியவர் ரோஹோன்யி. ஷேக்ஸ்பியர் காலத்து இங்கிலாந்தின் தொழில்முறை மேடையில் பெண்கள் நடிக்கவில்லை. பெண்பாத்திரங்களைச் சிறுவர்கள் ஏற்றனர். 1660க்குப் பிறகே அம்மேடை பெண்களுக்குத் திறந்தது. அந்த மேடையின் மொழியை எடுத்துக்கொண்ட இக்குழு, அம்மொழிக்குப் பெண்ணின் உண்மைக் குரலைத் தந்தது. ஆனால் வசனம் இன்னும் ஆணிடமே இருந்தது. ஆண் அச்சமூட்டுவான், பெண் ஏங்குவாள் என்ற பங்கீட்டை இத்தொகுப்பு கேள்விக்குள்ளாக்கவில்லை. அழகியும் விலங்கும் என்ற பெயரில் பின்னர் இசைவகையின் வாய்பாடாகவே இறுகிய அந்தப் பங்கீட்டின் விதை இங்கே உள்ளது.

ஒலிப்பதிவின் தரத்தையும் சொல்ல வேண்டும். ஸ்வீடனின் டான் ஸ்வானோ தமது யூனிசவுண்ட் கூடத்தில் தயாரித்த இப்பதிவில் முரசொலி தட்டையாகக் கேட்கிறது. இரு கிட்டார்களும் பல இடங்களில் ஒரே சேறாகக் கலக்கின்றன. பாடல்களின் கட்டமைப்பும் தேர்ச்சி பெறாதது. ஒரு பகுதி முடிந்து மற்றொன்று தொடங்கும் இடங்களில் தையல் தெரிகிறது. கிட்டார், பியானோ, உறுமல், மென்குரல் என்ற சுழற்சி தொகுப்பின் பிற்பகுதியில் எதிர்பார்க்கத்தக்கதாகி அலுப்பூட்டுகிறது. இக்குறைகளுக்கு நடுவில் லோரென்ட்ஸ் ஆஸ்பெனின் பியானோ தொகுப்பைத் தாங்குகிறது. அக்காலத்து மெட்டல் பதிவுகளில் விசைப்பலகை பெரும்பாலும் பின்னணிப் பனிமூட்டமாக ஒதுங்கியிருக்க, இங்கே அது மெட்டின் சுமையைத் தானே ஏற்கிறது. தனித்தனிச் சுரங்களாக விழும் அதன் ஒலி, கிட்டாரின் தொடர் இரைச்சலில் மூழ்காமல் மேலெழுகிறது.

இத்தொகுப்பின் செல்வாக்கு விரைவில் பரவியது. அதே ஸ்டாவங்கரிலிருந்து டிரிஸ்டானியா என்ற குழு 1996இல் எழுந்து இவ்வழியைப் பின்பற்றியது. நெதர்லாந்தின் விதின் டெம்டேஷன் 1997இல் வெளியிட்ட முதல் தொகுப்பிலும் உறுமலும் பெண்குரலும் எதிர்நின்றன. பின்வந்தோர் பெரும்பாலும் இரு குரல்களை எடுத்துக்கொண்டார்கள். பழைய மொழியின் மீதான உழைப்பை விட்டுவிட்டார்கள். தொடங்கிவைத்தவர்களோ வேறு திசையில் நடந்தார்கள். 1998இன் 'ஈஜிஸ்' தொகுப்பில் ரோஹோன்யி உறுமலைக் கைவிட்டுப் பேச்சுக்குரலுக்கு இறங்கினார். அவருடைய சொற்கள் முதன்முறையாகக் காதுக்கு எட்டின. 2000இன் 'மியூசிக்' தொகுப்பில் பழைய ஆங்கிலமும் போயிற்று. மின்னணு இசையும் இக்கால ஆங்கிலமும் வந்தன. 2003இல் லிவ் கிரிஸ்டீன் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். 2010இல் குழு கலைந்தது.

உறுமல் மறைக்கும் தொன்மை என்ற முதல் தொகுப்பின் உள்முரணை அவர்களே உணர்ந்து ஒவ்வொரு படியாகத் தீர்த்தார்கள் என்று இவ்வரலாற்றைப் படிக்கலாம். தீர்வுகள் கூடக்கூட ஒலி தெளிந்தது, மொழி எளிதாயிற்று, பிழைகள் குறைந்தன. ஆனால் 'பிஹெல்ட்' என்ற அந்த ஒரு சொல்லில் நிகழ்ந்ததைப் போன்ற விபத்துக்கு இடமில்லாமலும் போயிற்று. ஒரு கலைப்படைப்பில் எதைத் திருத்தலாம், எதைத் திருத்தினால் படைப்பே கரைந்துவிடும் என்பதற்கு முன்கூட்டிய விதி கிடையாது. 1995இன் இத்தொகுப்பில் முரசொலியைத் திருத்தலாம். இரட்டைப் புள்ளிகளை அழிக்கலாம். பிற்பகுதியில் இரு பாடல்களைக் குறைக்கலாம். வசனம் எழுதும் எழுதுகோலைப் பெண்ணிடமும் தந்திருக்கலாம். நார்வேயின் சொல்வரிசையில் நின்று பேசும் அந்தப் பழைய ஆங்கிலத்தில் மட்டும் கைவைக்க வேண்டியதில்லை. அது எந்த நூற்றாண்டிலும் எவரும் பேசாத மொழி. இந்த ஒன்பது பாடல்களுக்கு வெளியே அதற்கு வேறு இருப்பிடமும் இல்லை.